ஒரு வாய் தின்னா செத்தா போயிருவ?

நாஞ்சில் நாட்டில் இலையின் மேல் கையை மறித்து "எனக்கு இது வேண்டாம்" என்று சொல்ல ஒரு தகுதி வேண்டும். கழுத்தில் மாலை கிடந்தால் போதும். கார்த்திகை பிறந்ததும் மாலை போட்ட சாமிக்காக 41 நாளும் வீடே பாத்திரம் மாற்றுகிறது. மீன்சட்டி பரணுக்குப் போகிறது. சாளையும் நெத்திலியும் இல்லாமல் குடும்பமே பல்லைக் கடித்துக்கொண்டு சாம்பார் குடிக்கிறது. லெந்து நாளில் இறைச்சி வேண்டாம் என்கிற மாமாவிடம் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. நோன்பு பிடித்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் முன்னால் தண்ணீர் குடிக்கவே நமக்குக் கூச்சம். நல்ல பழக்கங்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

மாலை இல்லாவிட்டால் சர்க்கரை. "சுகர் இருக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னால், விளம்புகிறவர் பாயச வாளியோடு பின்வாங்குகிறார். தன் அப்பாவுக்கு முந்நூறைத் தாண்டிய கதையையும் சொல்லி, ஆறுதல் கூறிவிட்டு அடுத்த இலைக்குப் போகிறார்.

இப்போது ஒன்பது வயசுப் பையன் ஒருவன் சொல்லட்டும். "எனக்கு அண்டிப்பருப்பு ஒத்துக்காது." முந்திரிப்பருப்பைத்தான் சொல்கிறான்.

பந்தியே திரும்பிப் பார்க்கும். பெரியம்மை மோவாயில் கை வைப்பாள். சித்தப்பா சிரிப்பார். யாரோ ஒருவர் அடைப்பிரதமனுக்குள் விரலை விட்டு நாலு பருப்பைப் பொறுக்கி எறிந்துவிட்டு, "இப்ப சரியாச்சா, குடி" என்பார். பருப்பை வறுத்த நெய் அதே பிரதமனுக்குள்தான் மிதக்கிறது. அதைப் பொறுக்க யாருக்கும் விரல் இல்லை. பையன் தலையை ஆட்டுவான். உடனே வரும் அந்தக் கேள்வி.

"ஒரு வாய் தின்னா செத்தா போயிருவ, மக்கா?"

போய்விடுவான். அதைத்தான் அவன் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

இந்த மாவட்டத்துக்கு அண்டிப்பருப்பு தெரியாதா? மார்த்தாண்டம் பக்கம் அண்டி ஆபீசில் வேலை பார்த்த பெண்களின் கையைப் பாருங்கள். தோட்டு எண்ணெய் பட்டு வெந்த தோல் கதை சொல்லும். அது வேறு புண், பையனுக்கு வருவது வேறு. ஆனால் தின்கிற பண்டம் உடம்பை அடிக்கும் என்பது நமக்குப் புதிய சேதி அல்ல. நம் ஆச்சிமார் கரப்பான் பண்டம் என்று தனியாகப் பிரித்து வைத்தார்கள். காணாக்கடி என்று தடிப்புக்குப் பெயரிட்டார்கள். பத்தியம் என்றால் மூச்சுக் காட்டாமல் இருந்தார்கள். அவர்களுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. பேரப்பிள்ளைகள் டிகிரி வாங்கி, "அலர்ஜியாம், பணக்கார வியாதி" என்று சிரிக்கிறார்கள்.

மறுநாள் பள்ளிக்கூடம். மதிய மணி அடிக்கிறது.

பந்தியில் நடந்தது அப்படியே வகுப்புக்கு வருகிறது. வயது மட்டும்தான் குறைவு. ஒருவன் அண்டிப்பருப்பைப் பெஞ்சில் தேய்த்து வைக்கிறான். இன்னொருவன் மூக்குக்கு நேரே நீட்டி ஆட்டுகிறான். "லே, இவன் சோத்துல போட்டுப் பாப்போமா, நிசமா வீங்குதான்னு?" அறிவியல் கண்காட்சிக்கு ஆள் பிடிக்க ஆசிரியர்கள் தெருத்தெருவாக அலைகிற ஊரில் இவ்வளவு ஆராய்ச்சி ஆர்வம்! முகத்தில் தடிப்பு ஏறிய ஒரே ஒரு நாளில் பெயரும் விழுந்துவிடும். சொறியன். அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கும்.

இந்தப் பிள்ளைகளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. நல்ல மாணவர்கள். கல்யாண மண்டபத்தில் படித்த பாடத்தை அட்சரம் பிசகாமல் ஒப்பிக்கிறார்கள்.

பையன் டீச்சரிடம் போகிறான். தீர்ப்பு உடனே வருகிறது. "நீ ஏன் அவங்ககூடப் போய் இருக்க? தனியா உக்காந்து தின்னு." முடிந்தது வழக்கு. நீட்டியவன் நடுவில், நண்பர்களோடு. நீட்டப்பட்டவன் மூலையில், தனி பெஞ்சில். ஒருத்தனைப் பந்தியிலிருந்து பிரித்து ஒதுக்கி உட்கார வைக்க நம் ஊரில் யாருக்கும் பயிற்சி முகாம் தேவைப்படுவதில்லை. பரம்பரைத் தேர்ச்சி.

வீட்டில் சொன்னால்? "நீ என்ன செஞ்ச?" என்பதுதான் நம் முதல் கேள்வி. இரண்டாவது முறை பிள்ளை சொல்லாது. நியூயார்க்கின் மவுன்ட் சினாய் மருத்துவமனையில் உணவு ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் 251 குடும்பங்களை விசாரித்து, 2013-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். 31.5 சதவீதப் பிள்ளைகள் ஒவ்வாமைக்காகவே சீண்டப்பட்டதாகச் சொன்னார்கள். சீண்டியவர்கள் பெரும்பாலும் வகுப்புத் தோழர்கள். ஆகாத பண்டத்தையே காட்டி மிரட்டுவது அதில் அடிக்கடி நடந்தது. பிள்ளைகளுக்கு நடந்த கொடுமை பெற்றோரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குத்தான் தெரிந்திருந்தது. தெரிந்த வீட்டுப் பிள்ளைகள் ஓரளவு நிம்மதியாக இருந்தார்கள். பிள்ளைக்கு முதல் மருந்து, வீட்டில் அதை நம்பும் ஓர் ஆள். அது மெடிக்கல் ஷாப்பில் கிடைக்காது.

"விளையாட்டுப் பிள்ளைகள், விடுங்கள்" என்பார் ஒருவர். விடுகிறேன். அதற்கு முன் 2017 ஜூன் மாதத்துக்குப் போய்வருவோம். மேற்கு லண்டனில் கிரீன்ஃபோர்டு. இந்திய வம்சாவளிப் பையன், 13 வயது. பால், முட்டை, கோதுமை, கொட்டைப் பருப்பு எதுவும் ஆகாது. பள்ளி இடைவேளையில் ஒரு மாணவன் சின்னச் சீஸ் துண்டு ஒன்றை அவன்மேல் விட்டெறிந்தான். கழுத்தில் பட்டது. தின்னவில்லை, பட்டது. சில நிமிடங்களில் தடிப்பு, பிறகு மூச்சுத் திணறல். அவனுக்கென்று பள்ளியில் வைத்திருந்த அட்ரினலின் ஊசி காலாவதியாகிப் பல மாதங்கள் ஆகியிருந்தது. ஜூலை 9-ம் தேதி மருத்துவமனையில் இறந்தான். 2019-ல் மரண விசாரணை. சாவு வரும் என்று தெரியாது என்றான் எறிந்தவன். கொல்லும் நோக்கம் இல்லை, யோசிக்காத சிறுபிள்ளைத்தனம் என்று விசாரணை அதிகாரியும் சொன்னார். அந்தப் பையனை நம்பலாம். அவனுக்கு யாரும் சொல்லவில்லை. வளர்ந்த நாடு, வளர்ந்த பள்ளி, வளர்ந்த பெரியவர்கள். சொல்லத்தான் ஆளில்லை.

அடுத்த வருடமே ஹாலிவுட் ஒவ்வாமையைச் சிரிப்புக் காட்சியாக்கியது. 2018-ல் வந்த பீட்டர் ராபிட் படத்தில், முயல்கள் கூட்டமாகச் சேர்ந்து ஒவ்வாமை உள்ள ஒருவர்மேல் பிளாக்பெர்ரிப் பழங்களை வீசும். ஒன்று வாய்க்குள் போகும். அவர் தடுமாறித் தொடையில் ஊசி போட்டுக்கொள்வார். குழந்தைகள் படம்! பெற்றோர்கள் கொதித்ததும் சோனி நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. நம் ஊரில் அப்படி ஒரு படம் வந்திருந்தால் மன்னிப்பு வந்திருக்காது. மீம் வந்திருக்கும்.

நம் ஊருக்கு வருவோம். பெங்களூரு, மைசூரு வட்டாரத்துப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில் உணவு ஒவ்வாமை ஆயிரத்தில் ஒன்றிரண்டு என்ற அளவில்தான் தெரிந்தது. மேலைநாடுகளைவிட மிகக் குறைவு. நல்ல செய்தி. அந்த ஒன்றிரண்டு பிள்ளைகளுக்கு மட்டும் கெட்ட செய்தி. ஆயிரத்தில் ஒருத்தன் என்றால் ஓட்டு இல்லை. சங்கம் இல்லை. பேனர் இல்லை. அவனுக்காக மறியல் செய்ய வடசேரியில் பத்துப் பேர் கூட மாட்டார்கள்.

அரசாங்கம் தட்டில் கவனம் செலுத்தவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். காமராஜர் மதிய உணவு தந்தார். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவு தந்தார். கருணாநிதி முட்டை தந்தார். 2022 செப்டம்பரில் ஸ்டாலின் காலை உணவைத் தொடங்கினார். பசித்த பிள்ளைக்குச் சோறு போட்டதில் இந்த மாநிலத்துக்கு ஈடில்லை. அதில் கிண்டலுக்கு இடமும் இல்லை. முட்டை தின்னாத பிள்ளைக்கு வாழைப்பழம் என்றுகூட யோசித்தார்கள். யாருக்காக? வீட்டு வழக்கத்தில் முட்டை தொடாதவர்களுக்காக. அந்தப் பிள்ளைக்குப் பட்டியலில் இடம் உண்டு. முட்டை தின்றால் தொண்டை அடைக்கும் பிள்ளை? அவனும் அதே வரிசையில் நின்று, தானும் வழக்கக்காரன் என்று பொய் சொல்லிப் பழம் வாங்கிக்கொள்ளலாம். சாமி பெயரைச் சொன்னால் நம்புவார்கள். தொண்டை பெயரைச் சொன்னால் சர்டிபிகேட் கேட்பார்கள்.

அந்த வாழைப்பழத்திலும் ஒரு வில்லங்கம் உண்டு. ரப்பர் பால் ஒவ்வாத சிலருக்கு வாழைப்பழமும் ஒவ்வாது. இரண்டிலும் உள்ள சில புரதங்களுக்கு ஒரே சாயல். குலசேகரம், கீரிப்பாறை, சிற்றார் என்று ரப்பர் காடு சூழ்ந்த மாவட்டம் இது. பால்வெட்டுகிற வீட்டுப் பிள்ளை வாழைப்பழத்தைத் தள்ளி வைத்தால் அதற்குப் பெயர் கொழுப்பு என்று முடிவுகட்டும் முன், ஒரு டாக்டரைக் கேட்டால் என்ன குறைந்துவிடும்?

பிள்ளைகளைப் பள்ளிக்கே வந்து பரிசோதிக்கும் மத்திய அரசுத் திட்டம் 2013-லிருந்து இருக்கிறது. 30 வகைக் குறைபாடுகள் அதன் பட்டியலில். பல் சொத்தை உண்டு. தோல் நோய் உண்டு. உணவு ஒவ்வாமைக்குத் தனி வரி கிடையாது. 31 என்று எழுத மை தீர்ந்துவிட்டது போலிருக்கிறது.

லேபிள் சட்டம் உண்டு. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ம் ஆண்டு விதிப்படி பால், முட்டை, மீன், றால் வகை, நிலக்கடலையும் கொட்டைப் பருப்புகளும், சோயா, குளூட்டன் உள்ள தானியம், சல்ஃபைட் ஆகியவை இருந்தால் உறையில் எச்சரிக்க வேண்டும். எச்சரிக்கிறார்கள். எறும்பு வாசிக்கும் அளவில். அதுவும் உறை போட்ட பண்டத்துக்கு. கண்ணாடி அலமாரியில் தட்டோடு இருக்கும் பேக்கரி கேக்குக்கு உறையும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. ஓட்டல் மெனுவில் எழுதச் சொல்லும் விதி மத்திய உரிமம் பெற்ற அல்லது பத்து கிளைக்குக் குறையாத பெரிய கடைகளுக்குத்தான். ஒரே கிளை வைத்திருக்கும் மெஸ்ஸில் பருப்பு வந்து மனிதனை அடிக்காது என்பது ஆணையத்தின் நம்பிக்கை போலும்.

சீண்டலைத் தடுக்கவும் காகிதத்துக்குப் பஞ்சமில்லை. 1996-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் பொன் நாவரசு கொல்லப்பட்டார். 1997-ல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. 2015-ல் சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்குச் சீண்டல் தடுப்புக் குழு அமைக்கச் சுற்றறிக்கை போனது. 2023-ல் பக்கத்து மாவட்டத்து நாங்குநேரியில் உடன் படித்தவர்களே ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டு, 2024 ஜூனில் நூற்றுக்கணக்கான பக்கத்தில் அறிக்கை வந்தது. பள்ளிச் சுவரில் 'மாணவர் மனசு' பெட்டி தொங்குகிறது. 14417 என்றொரு எண், 1098 என்றொரு எண். எல்லாம் இருக்கிறது. வாய்க்குள் அண்டிப்பருப்பு திணிக்கப்படும் பையன் அந்த நேரத்தில் எந்தப் பெட்டியில் சீட்டு எழுதிப் போட வேண்டும் என்பதை மட்டும் எந்தச் சுற்றறிக்கையும் சொல்லவில்லை.

சாப்பாட்டுக்காகப் பள்ளியில் பிள்ளைகளைப் படுத்துவது நமக்குப் புதிதா என்ன? 2024-ல் உத்தரப் பிரதேசத்தின் அம்ரோஹாவில், டப்பாவில் அசைவம் கொண்டுவந்ததாக ஒரு சின்னப் பையனைப் பள்ளி விரட்டிய விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. 2023-ல் கரூர் வேலன்செட்டியூரில், யார் சமைத்தது என்று பார்த்துச் சில பெற்றோர் காலை உணவைத் தள்ளினார்கள். கலெக்டரே பள்ளிக்கு வந்து உட்கார்ந்து சாப்பிட்டார். செய்ய வேண்டியதைச் செய்தார். சாதிக்காகத் தட்டைத் தள்ளினால் கலெக்டர் வருகிறார். உயிருக்காகத் தட்டைத் தள்ளும் பிள்ளைக்கு வகுப்பு டீச்சர்கூட வருவதில்லை.

இடையில் வாட்ஸ்அப் மாமா ஒருவர் இருக்கிறார். எந்தக் குடும்பக் குரூப்பிலும் இருப்பார். "சின்னதிலேயே எல்லாத்தையும் குடுத்துப் பழக்கணும், லண்டன் ஆராய்ச்சியே சொல்லுது" என்று பார்வர்ட் அனுப்புவார். பாதி உண்மை. 2015-ல் வெளியான லண்டன் ஆய்வில், ஒவ்வாமை வரும் அபாயம் அதிகமுள்ள 640 கைக்குழந்தைகளை எடுத்தார்கள். ஒரு வயதுக்கு முன்பே நிலக்கடலைப் பண்டம் ஊட்டிய குழந்தைகளில், ஐந்து வயதில் கடலை ஒவ்வாமை பெருமளவு குறைந்திருந்தது. அது வருமுன் காக்கும் வழி, டாக்டர் கண்காணிப்பில். ஏற்கெனவே ஒவ்வாமை வந்துவிட்ட ஒன்பது வயசுப் பையனுக்குப் பந்தியில் நடத்தும் வைத்தியம் அல்ல. மாமா மீதிப் பாதியைப் படிக்கவில்லை. 'ரீட் மோர்' அழுத்த அவருக்குச் சோம்பல்.

ஆபத்து வந்தால் நம் மருந்து என்ன? அவில். தடிப்பா, அவில். வீக்கமா, அவில். மூச்சு முட்டுகிறதா, இரண்டு அவில். தடிப்புக்கும் அரிப்புக்கும் அது உதவும். தொண்டை அடைத்து, ரத்த அழுத்தம் சரிகிற நேரத்தில் உயிரைப் பிடிப்பது அட்ரினலின் ஊசிதான். தொடையின் வெளிப்பக்கச் சதையில், தாமதிக்காமல் போட வேண்டும். ஊசி போட்டுத் தேறிய பிறகும் சில மணி நேரம் மருத்துவமனையில் இருக்க வேண்டும். சிலருக்கு மறுபடி திரும்பி வரும். கோதையாறு மலையில் ஒரு பிள்ளைக்கு இப்படி ஆனால், 108 வண்டி ஏறி வந்து, இறங்கிப் போய், ஆசாரிப்பள்ளம் பெரிய ஆஸ்பத்திரியைத் தொடுவதற்குள் என்ன ஆகும் என்று கணக்குப் போட ஐந்தாம் வகுப்புக் கணிதம் போதும்.

மேல்நாட்டில் தானே குத்திக்கொள்ளும் பேனா ஊசி உண்டு. அமெரிக்காவில் அதிலும் கொள்ளை. 2007-ல் இரண்டு ஊசி கொண்ட பெட்டி சுமார் 100 டாலர், 2016-ல் 600 டாலருக்கு மேல். நம் கடைகளில் அது சாதாரணமாகக் கிடைப்பதே இல்லை. அதனால் கொள்ளை அடிக்கவும் வழியில்லை, பிழைக்கவும் வழியில்லை. பிரிட்டனில் 2017 அக்டோபரிலிருந்து பள்ளிகள் டாக்டர் சீட்டு இல்லாமலே அந்த ஊசியை வாங்கி வைத்துக்கொள்ளலாம். கிரீன்ஃபோர்டு பையன் இறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. நம் பள்ளியின் முதலுதவிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். திறந்தால். டிஞ்சர், பஞ்சு, பழுப்பேறிய கட்டுத்துணி, தேதி அழிந்த பாராசிட்டமால்.

என்ன செய்ய வேண்டும் என்பது ஒன்றும் ராக்கெட் விஷயம் இல்லை, ராக்கெட் எஞ்சினைச் சோதிக்கும் மகேந்திரகிரி பக்கத்திலேயே இருந்தாலும். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும், எந்தப் பிள்ளைக்கு எது ஆகாது என்று பெற்றோரிடம் எழுதி வாங்க வேண்டும். அந்தத் தாள் பீரோவில் பூட்டப்படாமல், சமையல்கூடத்திலும் வகுப்பிலும் இருக்க வேண்டும். வகுப்பில் பத்து நிமிடம் நின்று, பெரிய மனுஷத்தனம் காட்டாமல், "இது இவன் வாயில் பட்டால் இவன் செத்துப்போவான்" என்று பிள்ளைகளுக்கு நேராகச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் அவ்வளவு மோசமில்லை. விஷயம் தெரிந்தால் பாதிப்பேர் காவல்காரர்களாகிவிடுவார்கள். பக்கத்தில் உட்காரும் ஒருத்தனுக்கு, ஆபத்தென்றால் யாரிடம் ஓட வேண்டும் என்று கற்றுத்தர வேண்டும். தெரிந்த பிறகும் நீட்டுகிறவனை, காம்பஸ் ஊசியால் குத்தியவனை விசாரிப்பது போலவே விசாரிக்க வேண்டும், அவன் அப்பா யாராக இருந்தாலும். தனி பெஞ்ச் யாருக்காவது வேண்டுமென்றால், அவனுக்குப் போடுங்கள்.

பிறகு அந்த ஊசி. ஒரு மில்லி அட்ரினலின் ஆம்பூல், ஒரு டீயும் பருப்புவடையும் வாங்குகிற காசுக்குள் அடங்கும். ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ் ஒருவர் அரை நாள் வந்தால் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களுக்குப் போடக் கற்றுத்தருவார். விதியில் இடமில்லை என்பார்கள். விதியை எழுதுகிறவர்கள் இவர்கள்தானே. பையும் செருப்பும் சைக்கிளும் கொடுத்த கை இது. அவை எல்லாவற்றிலும் யார் யார் முகமோ சிரித்துக்கொண்டிருந்ததை நாமும் பார்த்திருக்கிறோம். ஆம்பூல் சுண்டுவிரல் அளவுகூட இல்லை. முகம் அச்சடிக்க அதில் இடமில்லை. வேறு என்ன தடை என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்த அதிகாரி யாராவது இருந்தால், எழுத்துப்பூர்வமாக, அலுவலக முத்திரையோடு சொல்லட்டும்.